அடுத்த ஆண்டின் பாடத்தேர்வுப் படிவத்திலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: ஹூஸ்டன் நகரின் பொதுப் பள்ளி ஒன்றில் ஆறு ஆண்டுகளாக உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். என் மாணவர்களில் பெரும்பாலோர் ஹிஸ்பானியக் குடும்பத்துப் பிள்ளைகள். அடுத்த எண்ணிக்கையில் கறுப்பின மாணவர்கள். கணக்கில் நல்ல கூர்மை உள்ளவர்கள் ஆண்டுக்குப் பத்துப் பேராவது தேறுவார்கள். ஆனால் "பொறியியல் படிக்கலாமே" என்று சொன்னால், "அது எங்களுக்கில்லை, மிஸ்" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சென்ற ஆண்டு இரண்டு பொறியாளர்களை அழைத்துப் பேசவைத்தேன்; கைதட்டினார்கள், அதோடு சரி. இப்போது ஒன்பதாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 படிக்கும் ஒரு மாணவி, விடுமுறை நாட்களில் தன் அப்பாவோடு ஏசி பழுதுபார்க்கப் போகிறவள், கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக நிற்கிறாள். அவளிடம் இதைப் பேசியபோது, "உங்கள் நாட்டுக்காரர்களுக்குக் கணக்குத் தானாக வரும்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். இவர்களை எப்படி ஊக்கப்படுத்துவது? இந்தியாவிலிருந்து வந்த நான் சொன்னால் எடுபடுமா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். கைதட்டலோடு முடிந்துபோன அந்தக் கூட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த வரியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஏனென்றால் அப்படிப் பேசிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பொறியாளர்களில் நானும் ஒருவன். பாலங்களை வடிவமைக்கும் வேலையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் டெக்சாஸில் ஒரு பள்ளிக்கு அழைத்தார்கள் என்று, பெரிய பெரிய பாலங்களின் படங்களை வரிசையாகத் திரையில் காட்டி, நாற்பது நிமிடம் பேசினேன். பிள்ளைகள் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். கேள்வி உண்டா என்று கேட்டதற்கு ஒரே ஒரு பையன் கையை உயர்த்தி, "இந்தப் பாலத்துக்குக் கான்கிரீட் ஊற்றியது யார்?" என்று கேட்டான். ஒப்பந்ததாரரின் பெயரைச் சொல்லத் தொடங்கினேன். அவன் கேட்டது அதுவல்ல. அவனுடைய அப்பா கான்கிரீட் ஊற்றும் வேலை செய்பவர். அந்தப் படத்தில் அவரைப் போன்ற ஒருவர்கூட இல்லையே என்பதுதான் அவன் கேள்வி என்பது எனக்குக் காரில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

அடுத்த மாதம் அதே பள்ளிக்கு மறுபடியும் போனபோது படம் எதையும் எடுத்துப்போகவில்லை. ஒரு ஸ்லம்ப் கோன், ஓர் இரும்புக் கம்பி, ஓர் அளவுகோல், கலப்பதற்குச் சிமெண்டும் மணலும் சல்லியும் கொண்டுபோனேன். ஸ்லம்ப் கோன் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், அது பன்னிரண்டு அங்குல உயரமுள்ள, மேலும் கீழும் திறந்த ஒரு தகரக் கூம்பு. அதில் கான்கிரீட்டை மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கையும் கம்பியால் இருபத்தைந்து முறை குத்தி, கூம்பை நேராக மேலே தூக்கினால், உள்ளே இருந்த கலவை எத்தனை அங்குலம் அமர்கிறது என்பதை வைத்து அதன் இளக்கத்தைக் கணிப்போம். கூம்பைத் தூக்கியதும் கலவை சட்டென்று பரந்து உட்கார்ந்தது. அந்தப் பையன் முன்னால் வந்து பார்த்துவிட்டு, "தண்ணீர் அதிகம், இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிவிடுவார்" என்றான். வேலையிடத்தில் தண்ணீரை ஊற்றி இளக்கினால் கலவையைப் பரப்புவது சுலபம், ஆனால் பின்னால் விரிசல் விடும் என்று அவன் அப்பா சொல்லியிருக்கிறார். தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் கூடினால் வலிமை குறைகிறது என்பதை நான் கல்லூரியில் படித்தேன். அவன் அதை இரவுச் சாப்பாட்டின்போது கேட்டே தெரிந்துகொண்டிருக்கிறான். அது பொறியியல் என்று அவனுக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் மாணவியும் அப்படிப்பட்டவள்தான் என்று நினைக்கிறேன். ஏசி இயந்திரத்தைப் பிரித்து, அழுத்தமானியை மாட்டி, குளிர்பதன வாயுவின் அழுத்தத்தைப் பார்த்துப் பழுது எங்கே என்று ஊகிக்கும் குடும்பத்துப் பெண்ணிடம் வெப்ப இயக்கவியல் ஏற்கெனவே பாதி வந்து சேர்ந்துவிட்டது. அவளுக்கு ஆர்வத்தை உண்டாக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே, எப்படி ஊக்கப்படுத்துவது என்ற உங்கள் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு வேறொன்றைக் கேட்கிறேன்: அடுத்த ஆண்டு அவள் எந்தக் கணிதப் பாடத்தில் உட்காரப்போகிறாள்?

இதை நான் முதலில் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஒன்பதில் அல்ஜீப்ரா 1, பத்தில் ஜியோமெட்ரி, பதினொன்றில் அல்ஜீப்ரா 2, பன்னிரண்டில் ப்ரீகால்குலஸ் என்று போனால் பள்ளி முடியும்போது அவள் கால்குலஸை, அதாவது நுண்கணிதத்தை, தொட்டிருக்க மாட்டாள். பொறியியல் படிப்பின் முதல் பருவமே கால்குலஸில்தான் தொடங்குகிறது. இயற்பியல் அதன் மேல் நிற்கிறது. விசையியல் இயற்பியலின் மேல் நிற்கிறது. மூன்றாம் ஆண்டில் படிக்க வேண்டிய ஒவ்வொன்றும் இவற்றின் மேல் அடுக்கப்பட்டிருக்கிறது. பள்ளியில் கால்குலஸ் படிக்காதவர்கள் பொறியாளர் ஆகவே முடியாது என்று சொல்லமாட்டேன், ஆகியிருக்கிறார்கள். ஆனால் கல்லூரிக்குப் போய் ப்ரீகால்குலஸிலிருந்து தொடங்குகிறவருக்கு ஒரு பருவம், சில சமயம் இரண்டு பருவம் பின்தள்ளிப்போகும்; கையில் பணம் உள்ள வீட்டுக்கு அது ஒரு சிறு தாமதம், வாடகையையும் தம்பி தங்கைகளையும் கணக்குப் பார்க்கிற வீட்டுக்கு அதுவே படிப்பை விடுவதற்கான காரணம். உங்கள் மாணவர்கள் "எங்களுக்கில்லை" என்று சொல்வதற்கு வெகுகாலம் முன்பே, ஆறாம் வகுப்பிலோ எட்டாம் வகுப்பிலோ, யாரோ ஒருவர் ஒரு படிவத்தில் அவர்களுக்காக அதைச் சொல்லி முடித்திருப்பார்.

டெக்சாஸ் சட்டமன்றத்துக்கே இது தெரிந்திருக்கிறது. 2023இல் நிறைவேறிய செனட் மசோதா 2124, ஐந்தாம் வகுப்பு மாநிலத் தேர்வின் கணிதத்தில் மேல் நாற்பது விழுக்காட்டுக்குள் வரும் மாணவர்களை ஆறாம் வகுப்பில் மேம்பட்ட கணிதப் பாடத்தில் தானாகவே சேர்க்க வேண்டும் என்கிறது. வேண்டாம் என்றால் பெற்றோர்தான் எழுதித் தர வேண்டும். டல்லாஸ் பள்ளி மாவட்டம் இதை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே செய்துபார்த்து, எட்டாம் வகுப்பிலேயே அல்ஜீப்ரா படிக்கும் கறுப்பின, ஹிஸ்பானிய மாணவர்களின் எண்ணிக்கையை வெகுவாக உயர்த்திக் காட்டியது. அதற்கு முன் இருந்த முறையில், ஆசிரியரின் பரிந்துரையோ பெற்றோரின் வேண்டுகோளோ இருந்தால்தான் அந்த வகுப்பு. கேட்கத் தெரிந்த பெற்றோர் யார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். நம்மவர்கள் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று கேட்டுவிடுவார்கள். அந்தச் சட்டம் இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருப்பவளுக்கு எட்டாமல் போயிருக்கிறது.

அவளுக்கு இன்னும் ஒரு வழி உண்டு. பத்தாம் வகுப்பில் ஜியோமெட்ரியையும் அல்ஜீப்ரா 2ஐயும் ஒரே ஆண்டில் சேர்த்துப் படிக்கலாம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று அமைந்தவை அல்ல. அல்ஜீப்ரா 1 நன்றாக வந்தவர்களால் சமாளிக்க முடியும். அப்படிச் செய்தால் பதினொன்றில் ப்ரீகால்குலஸ், பன்னிரண்டில் கால்குலஸ். கோடையில் ஒன்றை முடிப்பதும், தேர்வெழுதி மதிப்பெண் பெற்றுத் தாண்டுவதும் டெக்சாஸில் இருக்கிற வழிகளே, ஆனால் கோடையில் அப்பாவோடு வேலைக்குப் போகிற பெண்ணிடம் அதைக் கேட்பதற்கு முன் ஒரு முறை யோசியுங்கள். ஹூஸ்டனில் ஏசி வேலைக்குப் பருவமே கோடைதான். சேர்த்துப் படிப்பதற்கு ஒரு விருப்பப் பாடத்தைக் கைவிட வேண்டியிருக்கும். அது இசைக்குழுவாகவோ அவள் தோழிகள் இருக்கும் வகுப்பாகவோ இருந்தால் அந்த இழப்பை அலட்சியமாகப் பேசாதீர்கள். என்ன கிடைக்கும், என்ன போகும் என்று அவள் முன்னால் எழுதிக் காட்டி, முடிவை அவளிடம் விடுங்கள்.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வேறொரு கண்ணி காத்திருக்கிறது. பள்ளியிலேயே கல்லூரி மதிப்பெண் பெறும் 'டூயல் கிரெடிட்' வகுப்புகளைப் பிள்ளைகளும் பெற்றோரும் பெரிதாக நினைக்கிறார்கள், நினைக்கட்டும், நல்ல திட்டம்தான். ஆனால் டெக்சாஸின் பொதுப் பாட எண்முறையில் மேத் 1314 என்பது கல்லூரி அல்ஜீப்ரா, மேத் 1342 என்பது புள்ளியியல், மேத் 2413தான் கால்குலஸ். முதல் இரண்டையும் முடித்துவிட்டு, கணிதத்தை முடித்தாயிற்று என்று மகிழ்ச்சியோடு பொறியியல் கல்லூரிக்கு வந்து, அவை இரண்டும் பட்டத்துக்குக் கணக்கில் வராது என்று கேட்டு முகம் வாடிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இயற்பியலும் அப்படியே: பிஸ் 1401 அல்ஜீப்ராவை வைத்து நடத்தப்படுவது, பிஸ் 2425 கால்குலஸை வைத்து நடத்தப்படுவது, பொறியியலுக்கு வேண்டியது பின்னது. இந்த எண்களை உங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டிவையுங்கள். வாழ்க்கை வழிகாட்டும் வாசகங்கள் எழுதிய சுவரொட்டிகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஒரு வகுப்பறைக்குள் நுழைவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மேரி ஜாக்சனை விடப் பொருத்தமான ஆள் எனக்குத் தோன்றவில்லை. வர்ஜீனியாவின் ஹாம்ப்டனைச் சேர்ந்த அந்தக் கறுப்பினப் பெண்மணி, கணிதத்திலும் பௌதிக அறிவியலிலும் பட்டம் பெற்று, 1951இல், பின்னாளில் நாசாவின் பகுதியான லாங்லி ஆய்வுக்கூடத்தில் கணக்கிடுபவராகச் சேர்ந்தார். அங்கே அதிவேகக் காற்றுச் சுரங்கத்தில் பணியாற்றிய பொறியாளர் ஒருவர் அவரைத் தன்னிடம் வேலைக்கு எடுத்துக்கொண்டு, நேரடிச் சோதனைகளில் ஈடுபடுத்தி, பொறியாளர் பயிற்சியில் சேரும்படி சொன்னார். அதற்கு வேண்டிய உயர் கணித, இயற்பியல் மாலை வகுப்புகள் வெள்ளையர் மட்டுமே படித்த ஹாம்ப்டன் உயர்நிலைப் பள்ளியில் நடந்தன. உள்ளே போய் உட்காருவதற்கு அவர் நகர நிர்வாகத்திடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. வாங்கினார், படித்தார், 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார். அவரைக் கைதூக்கிவிட்ட அந்த மேலதிகாரி மேடைப்பேச்சு எதையும் பேசியதாகத் தெரியவில்லை. வேலையைக் கையில் கொடுத்தார், எந்த வகுப்பில் சேர வேண்டும் என்று சொன்னார். மாணவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது அவருடைய வெற்றியோடு நிறுத்திவிடாமல் அந்த அனுமதியைக் கேட்க வேண்டியிருந்ததையும் சொல்லுங்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அநியாயம் சட்டென்று புரியும், அதைத் தாண்டிய வழியும் புரியும்.

வகுப்பில் சேர்த்துவிட்டால் போதுமா என்றால் போதாது, அடுத்து வருவது துணை. கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் 1970களில் யூரி ட்ரீஸ்மன் என்ற ஆராய்ச்சி மாணவர், முதலாண்டுக் கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் அதிகமாகத் தோற்கிறார்கள் என்று ஆராயத் தொடங்கினார். அங்கிருந்த ஆசிரியர்களிடம் கேட்டபோது ஆர்வமில்லை, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவில்லை, வறுமை என்று காரணங்கள் வந்தன. அவர் இருபது கறுப்பின மாணவர்களையும் இருபது சீன அமெரிக்க மாணவர்களையும் மாதக்கணக்கில் கூடவே இருந்து கவனித்தார். சொல்லப்பட்ட காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் உழைத்தார்கள், ஆனால் ஒவ்வொருவரும் தனியாக, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உழைத்தார்கள். பள்ளிக்காலத்தில் அப்படித் தனித்து நின்று படித்ததால்தான் அவர்கள் அந்தப் பல்கலைக்கழகம் வரை வந்திருந்தார்கள். சீன மாணவர்கள் முதலில் தனியாகப் படித்துவிட்டுப் பிறகு கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை மற்றவர் சரிபார்த்தார்கள். எந்தக் கணக்கு எல்லோருக்குமே கடினம், எந்தக் கணக்கில் தான் மட்டும் தடுமாறுகிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தனியாக உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரிய வழியில்லை. கணக்கு வரவில்லை என்றால் தன்னால் முடியாது என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

ட்ரீஸ்மன் அதற்குப் பிறகு தொடங்கிய பயிலரங்குகளைப் பின்தங்கியவர்களுக்கான உதவி வகுப்பு என்று அவர் அழைக்கவில்லை, அப்படி நடத்தவும் இல்லை. வழக்கமான வகுப்பில் தருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாக உட்காரவைத்தார். வந்த மாணவர்களின் மதிப்பெண்கள் வெகுவாக உயர்ந்தன. 1988இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் கவுண்டி வளாகத்தில் ஃப்ரீமன் ஹ்ரபோவ்ஸ்கி, அறிவியலும் பொறியியலும் படிக்கும் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய மேயர்ஹாஃப் திட்டமும் இதே பாதையில் போனதுதான்: கோடையிலேயே மாணவர்களை ஒன்றாகத் தங்கவைத்து, கூடிப் படிப்பதை வலியுறுத்தி, தேர்ச்சி பெற்றால் போதும் என்ற எண்ணத்தைத் தொடக்கத்திலேயே உடைத்தார்கள்.

ஆகவே உங்கள் பள்ளியில் வாரம் ஒரு நாள், ஆறு முதல் எட்டுப் பேர் வரை, ஒரு மேசை, ஒரு வெள்ளைப் பலகை, புத்தகத்தில் உள்ளதைவிட ஒரு படி கடினமான நான்கு கணக்குகள் என்று தொடங்குங்கள். அதற்குச் சிறுபான்மை மாணவர் கூட்டம் என்று பெயர் வைக்காதீர்கள். ஹிஸ்பானிய மக்கள் இப்போது டெக்சாஸின் மிகப் பெரிய மக்கள்தொகுதி. உங்கள் வகுப்பறையில் அவர்கள்தான் பெரும்பான்மை. பொறியியல் அலுவலகத்துக்குள் நுழையும்போதுதான் அவர்கள் சிறுபான்மையினர் ஆகிறார்கள், அதை இப்போதே அவர்கள் நெற்றியில் எழுத வேண்டிய அவசியம் என்ன? இந்தக் கூட்டத்தில் நீங்கள் விடை சொல்லாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஆசிரியர்களுக்கு இது சிரமம், எனக்கும் சிரமமாகத்தான் இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பழகுவதற்கு ஓர் ஆண்டு ஆயிற்று.

இனி அந்தச் சிரிப்புக்கு வருகிறேன். "உங்கள் நாட்டுக்காரர்களுக்குக் கணக்குத் தானாக வரும்" என்று அவள் சொன்னபோது நீங்கள் மறுக்கவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. மறுத்திருக்க வேண்டும், காரணத்தோடு. 1965ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் நாட்டுவாரிப் பங்கீட்டை நீக்கி, குடும்ப உறவினருக்கும் தொழில் தகுதி உள்ளவர்களுக்கும் முன்னுரிமை கொடுத்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டம் எச்1பி விசாவைக் கொண்டுவந்தது. நூறு கோடிக்கு மேல் மக்கள் உள்ள ஒரு நாட்டிலிருந்து பெரும்பாலும் பட்டம் பெற்றவர்களை மட்டும் சலித்து எடுத்து இங்கே இறக்கினால், இறங்கியவர்களைப் பார்ப்பவர்களுக்கு அந்த நாடே கணக்குப் புலிகளின் நாடாகத்தான் தெரியும். சல்லடையின் வேலையை நாம் இரத்தத்தின் வேலையாக எண்ணி மகிழ்ந்துகொள்கிறோம். உங்களோடு பள்ளியில் படித்து, கணக்கில் தோற்று, படிப்பை நிறுத்திய தோழிகள் எத்தனை பேர் என்று அவளுக்குச் சொல்லுங்கள். நீங்கள் உங்கள் வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதையும் சொல்லுங்கள். எந்தப் படிவத்தை எங்கே கொடுப்பது என்று தெரியாமல் நின்றதைச் சொன்னால், உங்களுக்கும் அவளுக்கும் நடுவே இருக்கும் தூரம் பாதியாகும். நீங்கள் சொன்னால் எடுபடுமா என்று கேட்டிருந்தீர்கள். தன் தடுமாற்றத்தைச் சொல்கிற ஆசிரியையின் பேச்சு எடுபடும், முன்மாதிரியாக மட்டும் நிற்கிறவரின் பேச்சு எடுபடாது என்பதே என் அனுபவம்.

விருந்தினராக யாரை அழைப்பது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. என்னைப் போன்ற நரைத்த தலைகளை விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பொறியியல் மாணவர்களைக் கூப்பிடுங்கள்; முடிந்தால் உங்கள் பள்ளியிலேயே படித்தவர்களை. 1974இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ஹிஸ்பானியப் பொறியாளர் சங்கத்துக்கும், 1975இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தேசியக் கறுப்பினப் பொறியாளர் சங்கத்துக்கும் பல கல்லூரிகளில் மாணவர் கிளைகள் உண்டு. இரண்டும் பள்ளி மாணவர்களுக்கான இளையோர் கிளைகளையும் நடத்துகின்றன. டெக்சாஸின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவ அலுவலகங்களை 2024 ஜனவரி முதல் தடை செய்த சட்டம், மாணவர் அமைப்புகளுக்கு விலக்கு அளித்திருக்கிறது, ஆனாலும் இவர்களை அழைக்கும் முன் பள்ளிகளுக்கான விதிகளை உங்கள் நிர்வாகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். வந்தவர்களிடம் சாதனைகளைப் பற்றிப் பேச வேண்டாம், முதல் கால்குலஸ் தேர்வில் எத்தனை மதிப்பெண் வாங்கினார்கள், அதன் பிறகு என்ன செய்தார்கள் என்று சொன்னால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பிரெய்ரி வியூ ஏ அண்ட் எம் உங்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரக் கார்ப்பயணத்தில் இருக்கிறது. 1876இல் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட அந்தப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கல்லூரி உண்டு. ஆய்வுக்கூடத்தில் தங்களைப் போன்ற முகங்களே நிறைந்திருப்பதை உங்கள் கறுப்பின மாணவர்கள் ஒரு முறை நேரில் பார்க்கட்டும். ஹிஸ்பானிய மாணவர்களையும் அதே பேருந்தில் அழைத்துச் செல்லுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. மத்திய அரசின் பெல் உதவித்தொகை 2025-26 கல்வியாண்டில் அதிகபட்சம் 7,395 டாலர். அது கடன் அல்ல, திருப்பித் தர வேண்டியதில்லை. இந்த ஒரு வாக்கியத்தைப் பெற்றோரிடம் ஸ்பானிய மொழியில் தெளிவாகச் சொல்ல ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள், கடனுக்கு அஞ்சும் குடும்பங்களில் உதவித்தொகை என்ற சொல்லே கடன் என்று காதில் விழுகிறது. உதவித்தொகை விண்ணப்பத்தில் மாணவரின் குடியுரிமை நிலையும் பெற்றோரின் சமூகப் பாதுகாப்பு எண்ணும் கேட்கப்படும் என்பதால், அதை வகுப்பில் கூட்டமாக உட்கார்ந்து நிரப்பவைக்காதீர்கள். இனத்தை வைத்துச் சேர்க்கை அளிப்பது கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜூனில் தீர்ப்பளித்த பிறகு பல திட்டங்கள் தம் தகுதி விதிகளை மாற்றிக்கொண்டன. பழைய பட்டியல்களை நம்பாமல் ஒவ்வொன்றின் இப்போதைய விதியையும் படித்துவிட்டுச் சொல்லுங்கள். சமுதாயக் கல்லூரியில், அதாவது உள்ளூரில் உள்ள இரண்டாண்டுக் கல்லூரியில், தொடங்குவது கௌரவக் குறைச்சல் அல்ல. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல சமுதாயக் கல்லூரிகளோடு சேர்ந்து நடத்தும் பொறியியல் அகாடமிகள், வீட்டில் தங்கி அருகிலுள்ள கல்லூரிக்குப் போய்வந்தபடியே முதல் ஆண்டை முடிக்க உதவுகின்றன. மேலே சொன்ன பாட எண்களை அங்கேயும் சரிபார்க்க வேண்டும்.

ஒரு நுணுக்கம் மட்டும் கவனியுங்கள். பொறியியல் பட்டமும் பொறியியல் தொழில்நுட்பப் பட்டமும் பெயரளவில் நெருக்கமாக இருந்தாலும் தனித்தனி அங்கீகாரம் கொண்டவை. பின்னதில் கணிதத்தின் ஆழம் குறைவு, டெக்சாஸில் தொழில்முறைப் பொறியாளர் உரிமம் பெறுவதற்கு அதிக ஆண்டுகள் அனுபவமும் கேட்கப்படுகிறது. தொழில்நுட்பப் பட்டம் தாழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. என் களப்பணியில் நான் மிகவும் நம்பியவர்களில் சிலர் அதைப் படித்தவர்கள். வித்தியாசம் தெரிந்து ஒருவர் அதைத் தேர்ந்தெடுப்பது வேறு, "உனக்கு இதுதான் சரிப்படும்" என்று ஒருவர் முதுகைப் பிடித்துத் தள்ளுவது வேறு. ஏசி பழுதுபார்க்கத் தெரிந்த ஹிஸ்பானியப் பெண்ணை எந்தப் பக்கம் தள்ளுவார்கள் என்பதை ஊகிப்பது கடினமல்ல, தள்ளுகிறவர்கள் நல்ல மனதோடுதான் தள்ளுவார்கள்.

இன்னொன்று, அந்தப் பிள்ளைகளிடம் பொறியியலுக்கு உங்களைப் போன்றவர்கள் தேவை, நாட்டுக்குத் தேவை, நிறுவனங்களுக்குத் தேவை என்று பேசவேண்டாம். எண்ணிக்கையைக் கூட்டத் தங்களைக் கூப்பிடுகிறார்கள் என்பது அவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். சம்பளத்தைச் சொல்லலாம், மறைக்க வேண்டியதில்லை. எல்லாம் தெரிந்த பிறகும் ஒருவன் நர்ஸ் ஆகவோ சமையல் கலைஞனாகவோ போக விரும்பினால் வாழ்த்தி அனுப்புங்கள். நம் வீடுகளில் பொறியியலை விட்டால் வேறு வழியே இல்லை என்று பிள்ளைகளைப் பிடித்துத் தள்ளி நாம் சேர்த்துவைத்த மனக்கசப்பை இங்கேயும் இறக்குமதி செய்ய வேண்டாமே.

பெரும்பாலான பள்ளிகளில் அடுத்த ஆண்டுக்கான பாடத்தேர்வு ஜனவரி, பிப்ரவரியில் நடந்துவிடுகிறது. உங்கள் பள்ளியில் கடைசித் தேதி என்ன என்று நாளைக்கே பாடத்தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரிடம் கேளுங்கள். அவளுடைய படிவத்தை வாங்கி, நான்கு ஆண்டுகளுக்கான கணித வரிசையை இரண்டு விதமாக, அவள் இப்போது போகும் வழி ஒரு பக்கம், பத்தாம் வகுப்பில் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் வழி மறுபக்கம் என்று எழுதுங்கள். பிறகு அவள் அப்பாவை வரச் சொல்லுங்கள். அவர் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு, மாலை ஆறரையோ ஏழோ, நீங்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். முதலில் அவரிடம், ஏசியில் குளிர்பதன வாயு குறைந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடித்த பிறகு, உங்கள் மகள் இதையே எழுத்தில் படிக்கப்போகும் பாடத்துக்கு இந்த வரிசையில் எந்த ஆண்டு எந்தக் கணக்கு வேண்டும் என்று காட்டுங்கள். கவுன்சிலர் ஒரே ஆண்டில் இரண்டு கணிதப் பாடம் கூடாது என்று தயங்கினால், அவள் மதிப்பெண்களோடு உங்கள் பரிந்துரையை எழுத்தில் கொடுத்துப் படிவத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால் எனக்கு எழுதுங்கள், அடுத்து யாரிடம் போவது என்று சேர்ந்து யோசிப்போம்.